மீட்டரக்காவும் சாய்வு சோபாவும்

துணிக்கடையில் அவளுக்கு மீட்டரக்கா என்று பேர். அளவுகோல் கைக்கு அகப்படாத நேரத்தில், முகத்தை ஒரு பக்கம் திருப்பி, துணியின் ஒரு முனையை மூக்கு நுனியில் வைத்து, மறு முனையை நீட்டிய கையின் விரல் வரைக்கும் இழுப்பாள். சரியாக ஒரு மீட்டர். ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. நம்பாத வாடிக்கையாளர்கள் கோலை வரவழைத்து அளந்து பார்த்துவிட்டு, அதற்குமேல் வாய் திறக்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது மாடியில், திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் விற்கிற பிரிவில், முப்பத்தோரு வருஷம் நின்றாள். நின்றாள் என்றால் நின்றாள்தான். வாடிக்கையாளர் உட்கார மெத்தை வைத்த முக்காலி உண்டு. விற்கிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். அப்போது மட்டும் மாடிப்படிக்கு அடியில், பிரிக்காத துணி மூட்டைகளின் மேல் உட்காரலாம். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் துணி விரிக்கிற பலகையில் இடுப்பைச் சாய்த்துக்கொள்கிற ஒரு சின்ன சுகம் இருந்தது. கூரையில் கேமரா மாட்டியபிறகு அதுவும் போயிற்று.

அந்த வேலைக்கு அவள் வந்தது இருபத்து மூன்று வயதில். அப்பா ஒரே வாரக் காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு ஏற்கனவே கண் மங்கல். தம்பிக்குப் பதினொரு வயது. பெண் கேட்டு வந்தவர்களிடம் அம்மா, "தம்பி கொஞ்சம் தலையெடுக்கட்டும், ஒரு வருஷம் போகட்டும்" என்று சொன்னாள். அடுத்த வருஷமும் அதையே சொன்னாள். பிறகு சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. யாரும் கேட்டு வரவில்லை. தம்பி படித்தான். வேலை கிடைத்த அன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீ எதுவும் செய்ய வேணாம்க்கா. உன்னை உட்கார வச்சு சோறு போடுறேன்" என்றான். சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். ஆனால் வேலை எட்டு மணி நேர ரயில் தூரத்தில் கிடைத்தது. அங்கேயே கல்யாணம், அங்கேயே வீடு, இரண்டு பிள்ளைகள். அம்மாவும் ஒரு நாள் தூக்கத்திலேயே போனாள். மீட்டரக்கா மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். காலையில் பூட்டிக்கொண்டு போவாள், இரவில் திறந்துகொண்டு வருவாள். இடையில் வீட்டுக்கு என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரியாது.

ஐம்பத்து நான்காவது வயதில் கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. கெண்டைக்காலில் நரம்புகள் நீலக் கயிறுகளாகப் புடைத்துக்கொண்டன. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மறுநாள் காலைவரை போகாது. அத்தனை வருஷம் நின்றே வேலை பார்த்தவள், கடைசியில் வேலையிலிருந்து நின்றுகொண்டாள். கடையில் எல்லோரும் சேர்ந்து அவளுக்கு நல்ல திரைச்சீலைத் துணி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மூக்கிலிருந்து விரல் வரை அளந்து பார்த்தாள். ஒரு ஜன்னலுக்குத்தான் கண்டது. வீட்டில் இரண்டு ஜன்னல். மாற்றி மாற்றியா மாட்ட முடியும்? மடித்து அலமாரியில் வைத்தாள்.

மருத்துவர் கால்களை அழுத்திப் பார்த்துவிட்டு, "தினம் காலையில ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம், காலைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கணும்மா. மாத்திரையைவிட அதுதான் முக்கியம்" என்றார்.

கட்டிலில் படுத்து, இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போது படுத்தால் உடம்பு சரியில்லாதவள் மாதிரி ஆகிவிடுகிறது. கூரையையே பார்த்துக்கொண்டிருக்க, தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் வரும். யார், என்ன என்று பார்க்க எழுந்தால் காலைத் தொங்கப்போட வேண்டும். இந்தக் கோலத்தில் நான் செத்துக் கிடந்தால்கூட வித்தியாசம் தெரியாது என்று ஒரு நாள் நினைத்தாள். நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவரிடம் போய்வருகிற வழியில் ஒரு மரச்சாமான் கடை இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சாய்வு சோபாவில் பொம்மை ஒன்றைக் காலை நீட்டி உட்கார வைத்திருந்தார்கள். நாலைந்து தடவை அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனவள், ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

விற்பனைக்காரர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். கழுத்தை இறுக்கும் டை, வாயில் பழகிப்போன சிரிப்பு. "வாங்க மேடம், உட்கார்ந்து பாருங்க, உட்கார்றதுக்குக் காசு இல்லை" என்றார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற நகைச்சுவை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளிடமும் அந்த மாதிரி ஒன்று இருந்தது: 'துணியைத்தான் காட்டுறேன், வீட்டைக் கேட்கலை.'

பக்கவாட்டில் ஒரு பிடி. அதை இழுத்ததும் காலடியிலிருந்து ஒரு பலகை மேலே எழுந்தது. முதுகு மெல்லப் பின்னால் போனது. அவள் இரண்டு கைகளாலும் புடவைக் கொசுவத்தை அமுக்கிக்கொண்டாள். கண்ணெதிரே தன் பாதங்கள் இரண்டும் வந்து நின்றன. அவற்றை இப்படி நேருக்கு நேர் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. யாரோ தெரிந்தவரை எதிர்பாராத இடத்தில் பார்த்ததுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கெண்டைக்காலில் கனம் இறங்குவது தெரிந்தது. உண்மையாகவே தெரிந்தது.

"எப்படி மேடம் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"வீட்ல எத்தனை பேர்? ஒரு ஆள் உட்கார்றதும் இருக்கு, ரெண்டு பேர், மூணு பேர் உட்கார்றதும் இருக்கு. குடும்பம்னா மூணு பேர் உட்கார்றதுதான் தோது."

அவள் பிடியைத் தேடி, காலைக் கீழே இறக்கி, எழுந்து நின்றாள். "வீட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

வெளியே வந்தபிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாங்க மனமில்லாதவர்கள் அவளிடம் எத்தனை ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை அது. அவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள் என்று துணியை மடித்துக்கொண்டே மற்றவர்களிடம் சொல்லுவாள். மீதிப் பாதியாவது வீட்டில் கேட்க ஆள் உள்ளவர்கள். சிரிப்பு பேருந்து நிறுத்தம் வருவதற்குள் அடங்கிவிட்டது.

தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான். வாரம் தவறாது, பேச்சு பத்து நிமிஷத்தைத் தாண்டாது. அந்த ஞாயிறு அவள் சோபா சமாச்சாரத்தைச் சொன்னாள்.

"சோபாவா? அங்க ஒத்தை ஆளா உட்கார்ந்துக்கிட்டு என்னக்கா பண்ணப்போற? எதுக்கு அங்க கிடந்து கஷ்டப்படுற? இங்க வந்துடு. பின்னாடி ரூம் சும்மாதான் இருக்கு."

"திடீர்னு எப்படிடா?"

"திடீர்னு என்ன? நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுதான் இருந்தோம். முதல்ல ஒரு பத்து நாள் வந்து இருந்து பாரு. பிடிச்சா வீட்டைக் காலி பண்ணிட்டு வந்துடு. சோபாவை வாங்கிட்டு அப்புறம் அதைத் தூக்கிக்கிட்டா வர முடியும்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். குழந்தைகளுக்குத் துணி எடுத்தாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "ஊருக்குப் போறேன், தம்பி வீட்டுக்கு" என்று கேட்காமலே சொன்னாள்.

தம்பி ரயிலடிக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். தம்பி மனைவி வாசலிலேயே கட்டிக்கொண்டாள். பின்னாடி அறையில் துணி தேய்க்கிற மேசை, நான்கு பயணப் பெட்டிகள், பையன் ஓட்டாமல் விட்ட சைக்கிள். நடுவில் ஒரு மடக்குக் கட்டில், புது விரிப்போடு. விரிப்பின் நெசவைத் தொட்டதுமே தெரிந்தது, நல்ல ரகம். அவளுக்காகவே வாங்கியிருக்கிறார்கள். அவள் மனம் நிறைந்துபோனது.

கூடத்தில் எல் வடிவத்தில் பெரிய சோபா ஒன்று இருந்தது. அதன் மூலை தம்பியுடையது. கைபேசி சார்ஜ் போடுகிற பக்கம் பையனுடையது. நடுவில் பெண், சின்னவள், குப்புறப் படுத்துப் படிப்பாள். ஓரத்தில் தம்பி மனைவி அலுவலகக் கணினியோடு உட்காருவாள். யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. 'உட்காருங்க' என்று எல்லோரும் நகர்ந்து இடம் விடத்தான் செய்தார்கள். ஆனால் அவள் எங்கே உட்கார்ந்தாலும் அது யாரோ ஒருவருடைய இடமாக இருந்தது. பையன் வந்து ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, தரையில் உட்காருவான். அதைப் பார்த்தால் அவளுக்கு முள்மேல் இருப்பது போலாகும். ஏதாவது சாக்கில் எழுந்துவிடுவாள். எழுந்தவள் சும்மா இருப்பாளா? பாத்திரம் துலக்கினாள், காய் நறுக்கினாள், துணி மடித்தாள். சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆரம்பித்தாள். இரண்டாம் நாள் அது அவள் வேலையாயிற்று. நான்காம் நாள் அவள் கிளம்ப ஐந்து நிமிஷம் தாமதமானால், "அண்ணி, மணி ஆச்சே" என்று குரல் வந்தது. மிரட்டலாக இல்லை, சாதாரணமாகத்தான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் எல்லோரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் திரும்பி, "அத்தை, நீங்க ஏன் எப்பவும் நின்னுக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவள் தன்னைப் பார்த்தாள். சமையலறை வாசலில், நிலைக்கதவில் இடுப்பைச் சாய்த்து, ஒரு காலை மற்றதன்மேல் ஏற்றி நின்றுகொண்டிருந்தாள். யாராவது எதையாவது கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்குத் தோதாக.

"அத்தைக்கு அது பழக்கம்டி" என்றான் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்று சாப்பிட்டபின் தம்பி மனைவி, பின் அறைக்கு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அண்ணி, நீங்க வந்ததிலிருந்து எனக்கு மூச்சு விட நேரம் கிடைக்குது. நிஜமாச் சொல்றேன், நீங்க இங்கயே இருந்துடணும். ஆனா ஒண்ணு. இதை நான் என் சுயநலத்துக்குச் சொல்றேன்னு நீங்க நினைச்சிடக்கூடாது." சொல்லிவிட்டு அவளே தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல பெண். ஒளிக்கத் தெரியாதவள்.

"நினைக்க மாட்டேம்மா" என்றாள் மீட்டரக்கா. கால்கள் இரண்டும் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன. அந்த ஐந்து நாளில் அவற்றைத் தூக்கி வைக்க ஒரு மணி நேரம்கூடக் கிடைத்திருக்கவில்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இங்கே விருந்து மூன்று நாளில் முடிந்தது, மருந்து ஆரம்பிக்கவே இல்லை.

ஊருக்குத் திரும்பிய ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. எட்டு மணி நேரமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் அவளை நேசிக்கத்தான் செய்தார்கள், போகிற போக்கில். அந்த வீட்டில் அவள் இருந்தால் கூட்டத்துக்கு நடுவில் இருப்பாள். தன் வீட்டில் இருந்தால் தனியாக இருப்பாள். இரண்டில் எதிலும் பேச்சுத்துணை பெரிதாக இருக்கப்போவதில்லை. ஒன்றில் உட்காரவாவது முடியும்.

வீட்டைத் திறந்தாள். பத்து நாள் அடைத்துக் கிடந்த வாடை. மேசைமேல் அவள் குடித்துவிட்டு வைத்துப்போன டம்ளர் அப்படியே இருந்தது. இரண்டு நாள் கழித்து மரச்சாமான் கடைக்குப் போனாள்.

அதே விற்பனைக்காரர். "வாங்க மேடம், வீட்ல என்ன சொன்னாங்க?" என்றார். ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

"வீட்ல நான்தான். நான் சரின்னு சொல்லிட்டேன்."

அவர் ஒரு நொடி திகைத்து, பிறகு பழகிய சிரிப்பு இல்லாமல் சிரித்தார். ஒற்றை ஆள் சோபாக்கள் இருந்த வரிசைக்குக் கூட்டிப்போனார். அவர் விளக்கிக்கொண்டிருக்கையில் அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். கொக்கு மாதிரி வலது காலைத் தூக்கி இடது கெண்டைக்காலில் தேய்ப்பதும், பிறகு கால் மாற்றுவதுமாக இருந்தார். சுற்றிலும் நூறு பேர் உட்காரலாம்.

"எத்தனை வருஷமா இங்க?"

"இங்க ஆறு வருஷம். அதுக்கு முன்னாடி டிவிக் கடை."

"உட்கார விடமாட்டாங்களா?"

"கஸ்டமர் இருக்கறப்ப உட்காரக்கூடாது."

"இல்லாதப்ப?"

"கஸ்டமர் இல்லாதப்ப உட்கார்ந்தா, அதனாலதான் கஸ்டமர் வரலைம்பாங்க."

மீட்டரக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. பிறகு சாம்பல் நிறத்தில் இருந்த ஒன்றைக் காட்டி, "இதுல உட்காருங்க" என்றாள்.

"நானா?"

"முதுகு எவ்வளவு தூரம் பின்னாடி போகுதுன்னு நின்னு பார்த்து அளக்கணும். நானே உட்கார்ந்துக்கிட்டு நானே எப்படி அளக்கறது? என்கூட வேற யாரும் வரலையே."

அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்தார். "நல்லா சாய்ஞ்சு உட்காருங்க. பிடியை இழுங்க." இழுத்தார். கால்கள் மேலெழுந்தன. காலணியின் அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

மீட்டரக்கா முகத்தைத் திருப்பி, கையை நீட்டி, சோபாவின் பின்னால் அளந்தாள். சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் போட வேண்டும். ஒரு தடவை அளந்தது போதும்தான். அவள் மூன்று தடவை, நிதானமாக அளந்தாள்.

மேலாளர் அறைக்கதவு திறந்தது. "என்ன இது?" என்று அவர் வருவதற்குள் விற்பனைக்காரர் துள்ளி எழப் பார்த்தார், காற்பலகை உடனே இறங்கவில்லை.

"நான்தான் உட்காரச் சொன்னேன். சாமானை ஓடவிட்டுக் காட்டாம எப்படி வாங்கறது?" என்றாள் மீட்டரக்கா, இரண்டாவது மாடியில் முப்பத்தோரு வருஷம் பேசிய குரலில். "நல்லா விக்கறாரு. இதையே எடுத்துக்கறேன், பில் போடுங்க."

மேலாளரின் முகம் மாறி, வணக்கமானது.

வியாழக்கிழமை இரண்டு பேர் சோபாவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார்கள். வாசற்கதவில் நுழையவில்லை. முதுகைத் தனியாகக் கழற்றி, உள்ளே கொண்டுவந்து பூட்டினார்கள். கழற்றலாம் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ஒரு நிமிஷம் உயிர் போய் வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூத்தவர் கேட்டார்: "எந்தப் பக்கம் பார்த்துப் போடணும்மா?"

அவள் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தா? வாசலைப் பார்த்தா? வாசலைப் பார்த்தபடி போட்டால் நாள் முழுக்க யாரோ வரப்போகிற மாதிரி இருக்கும். "ஜன்னலைப் பார்த்துப் போடுங்க" என்றாள். கீழே பேருந்து நிறுத்தம் இருக்கிறது. ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள். அவளிடம் வருகிறவர்கள் அல்ல, ஆனாலும் ஆட்கள்.

அவர்கள் போனபின் கதவைச் சாத்தினாள். உட்கார்ந்தாள். பிடியை இழுத்தாள். மெத்தையில் புது ரெக்சின் வாசனை. எப்படி இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது. சொல்ல ஆள் தேடி, கைபேசியில் எண்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். வேலை நாள், மத்தியானம் மூன்று மணி. கடையில் கூட வேலை பார்த்தவர்கள் துணி விரித்துக்கொண்டிருப்பார்கள். தம்பி அலுவலகத்தில் இருப்பான். கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். நன்றாக இருந்தது, அது என்னவோ உண்மை. நன்றாக இருக்கிறது என்பதைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கொஞ்சம் அழுதாள், பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது நிறுத்தத்தில் ஒரு பேருந்து வந்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டபோது சொன்னாள்.

"அப்ப வரமாட்டியா?"

"வருவேன்டா. வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவேன். மூணு மூணு நாள் இருப்பேன்."

"அவ ஏதாவது சொன்னாளா?"

"தங்கமான பொண்ணுடா அவ. ஒண்ணும் சொல்லலை. எனக்கே உட்கார்ந்து பார்க்கணும்னு இருக்கு, அவ்வளவுதான்."

தம்பி பெருமூச்சு விட்டான். அது வருத்தமா நிம்மதியா என்று தொலைபேசியில் அளக்க முடியவில்லை.

இரண்டு மாதத்தில் கணுக்கால் வீக்கம் பாதிக்குமேல் வற்றிவிட்டது. மருத்துவர் பாராட்டினார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று தொடங்கியது, சாயங்காலம் மட்டும் இரண்டு மணி, மூன்று மணி என்று நீண்டது. நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் சிலரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சிவப்புப் பையோடு ஓடிவந்து தினமும் பேருந்தைத் தவறவிடுகிற ஒருத்தி இருந்தாள். என்றாவது அவள் பிடித்துவிட்டால் மீட்டரக்காவுக்கு அன்று முழுக்க மனசு லேசாக இருக்கும். இதையெல்லாம் தம்பியிடம் சொல்ல முடியாது. பத்து நிமிஷத்தில் அடங்காது.

மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் கைபேசி ஒலித்தது. அந்த விற்பனைக்காரர். சாமான் வாங்கியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். "ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு மார்க் போடுவீங்க மேடம்?"

"அஞ்சு போட்டுக்குங்க."

"ரொம்ப நன்றி மேடம்."

"நாலு மணிக்கு மேல வெயில் வந்து இடது கைப்பக்கம் விழுது. ரெக்சின் வெளுத்துடுமோ?"

"கொஞ்சம் வெளுக்கும் மேடம். ஜன்னலுக்குத் திரை போட்டுட்டா போதும்."

"திரை போட்டா வெளியே தெரியாதே" என்றாள். அப்படியே நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னாள், சிவப்புப் பைக்காரியைப் பற்றிச் சொன்னாள், மருத்துவர் பாராட்டியதைச் சொன்னாள். அவர் "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டார். இடையில் ஒரு தடவை சிரிக்கவும் செய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், கஸ்டமர் வந்திருக்காங்க" என்றார்.

"ஐயோ, போங்க, போங்க. அவங்களை நிக்க வைக்காதீங்க."

தொடர்பு அறுந்தது. கைபேசியைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு அதைக் கைப்பிடிமேல் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இடது கைப்பக்கம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.